எனக்கு வருத்தம் என்றுதான் சொன்னேன்

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. அப்படியே கொட்டிவிட்டு, பாணும் சம்பலுமாகச் சாப்பிட்டுப் படுத்தேன். சனிக்கிழமை முழுவதும் மனதுக்குள் உன்னோடு வாதாடிக்கொண்டே வீடு கூட்டினேன். இன்றைக்கு மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் பூட்ஸைக்கூட ஒழுங்காக வைக்காமல் குசினி மேசையில் வந்து இருந்துவிட்டேன். போனில் சொன்னால் நான் பாதியில் அழுவேன், நீயும் "சரியம்மா, சரியம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு தாளாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். உன் தமிழ் வாசிப்பு எனக்குத் தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனவள் நான்தானே. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். பரவாயில்லை, மெதுவாக வாசி. அவசரமாக வாசித்தால் அம்மா ஏசுகிறாள் என்று நினைப்பாய். ஏசவும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அது எனக்கு.

நாளைக்கு நீ பொஸ்டன் ஆட்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, நீ கனவில்கூட நினைக்காத பதவி. டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் நோயாளரோடு எப்படிக் கதைப்பது, அவர்கள் சொல்வதை எப்படிக் கேட்பது என்று பழக்குகிற ஒரு பகுதியையே உன் கையில் தருகிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை. உன் திட்டத்தின் தலைப்பில் இருக்கிற "கட்டமைப்பு இனவெறி" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பதிலாகத் "தொடர்பாடல் இடைவெளி" என்று போட்டால் மேலிடம் கையெழுத்து வைக்குமாம். நேர்முகத்தில் நீ சொன்ன நோயாளியின் கதையைக் கேட்டுவிட்டு, அங்கே இருந்த ஒருவர், "அது மொழிபெயர்ப்பில் வந்த பிழைதானே? இதில் இனவெறி எங்கே இருக்கிறது?" என்று கேட்டாராம். நீ சொன்ன பதில் அவருக்கு ஏறவில்லையாம். இதையெல்லாம் நீ சொல்லிக்கொண்டு போக, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டேன்.

"என்னம்மா செய்யட்டும்?" என்று கேட்டாய்.

"எடுத்துப்போட்டு வேலையைப் பிடியன், ராசா. ஒரு சொல்லுத்தானே."

 பிறகு, "சரியம்மா, யோசிக்கிறன். குளிசை போட்டனீங்களோ?" என்றாய்.

அந்த மருந்துக் குளிசை ஏன் என் தலைமாட்டில் இருக்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு சொல் பிழைத்துப்போனதால் செத்துப்போக இருந்தவள் நான். அவளே வாய் கூசாமல் "ஒரு சொல்லுத்தானே" என்கிறாள்! வேறு பிள்ளை என்றால் அந்த இடத்திலேயே நல்லாத் திருப்பிக் கொடுத்திருக்கும். நீ கொடுக்கவில்லை. குளிசை போட்டேனா என்று கேட்டாய். உன்னைப் பெற்றதற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் எனக்கு வந்தது பெருமையில்லை, வெட்கம். வெட்டின வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிக்கப்போகிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவர்களுக்காக நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான் என்று தாண்டிப் போகாதே. இதில் உனக்குத் தெரியாத ஒரு துண்டு இருக்கிறது. அதை மட்டும் இப்போது விட்டுவிட்டுச் சொல்கிறேன், கடைசியில் வருகிறேன்.

உன் அப்பா காலமாகி அடுத்த பனிக்காலம் அது. அவர் இருந்தவரை வாசலில் பனி அள்ளுவது, குப்பைப் பெட்டி இழுப்பது எல்லாம் அவர் பாடு. அவர் போன பிறகு எல்லாம் என் தலையில். நீ இங்கே மொன்றியலிலேயே கோட்-டெ-நெய்ஜில், உன்னோடு படித்த அந்தச் சென்னைப் பெடியனோடு ஒரு அறையில் இருந்து படித்துக்கொண்டிருந்தாய். நான் டொலார்டில் எங்கள் வீட்டிலேயே கார்தெரி, அதுதான் பிள்ளைகள் காப்பகம், நடத்திக்கொண்டிருந்தேன். விடியவே தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காரில் வேலைக்கு ஓடுவார்கள். கொஞ்ச நாளாகவே எனக்கு உடம்பு சரியில்லை. படி ஏறினால் மூச்சு வாங்கும், நெஞ்சும் முதுகும் சேர்ந்து உளையும், வயிற்றைப் பிரட்டிச் சத்தி வருகிற மாதிரி இருக்கும். ஒரு நாள் பிள்ளைகள் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு நிற்க முடியாமல் போய்விட்டது. உனக்கு அடுத்த நாள் மருத்துவக் கல்லூரியில் நேர்முகம். உன்னைக் கூப்பிட்டால் நீ படிப்பைப் போட்டுவிட்டு ஓடிவருவாய். அதனால் உனக்குச் சொல்லாமல் டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அது அந்த ஒரு கட்டிடத்தின் கதையாகிவிடும், அப்படி இல்லை என்று நீதானே எனக்கு விளங்கப்படுத்தினாய்.

என் பிரெஞ்சு கார்தெரிப் பிரெஞ்சு. சாப்பிடு, படு, அடிக்காதே, தொப்பியைப் போடு, ஏன் கவலையாக இருக்கிறாய், யார் உன் பொம்மையைப் பறித்தது. இவ்வளவுதான் வரும். என் உடம்பில் நடப்பதைச் சொல்ல அது காணாது. அந்த டொக்டர் இளம் பெடியன், நல்ல முகம். போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து, போனை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். இந்தியாத் தமிழ்ப் பிள்ளை, குரல் தேன் மாதிரி. தமிழைக் கேட்டதும் எனக்குப் பாதி வருத்தம் போய்விட்டது.

"வணக்கம்மா, சொல்லுங்க. என்ன பண்ணுது உங்களுக்கு?"

"எனக்குச் சரியான வருத்தம், பிள்ளை. நெஞ்செல்லாம் உளையுது."

"ஐயோ, எப்போ இருந்தும்மா இவ்வளவு வருத்தம்?"

"முந்தியும் கொஞ்சம் இருந்ததுதான். இவர் எங்களை விட்டிட்டுப் போன பிறகுதான் கூடிப்போச்சு. இப்ப தாங்கேலாமக் கிடக்கு."

"அழாதீங்கம்மா. நான் டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன்."

நான் எங்கே அழுதேன்? குரல் நடுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் இங்கிலீஷில் வேகமாக ஏதோ சொன்னாள். டொக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்து, பிரெஞ்சில் மெதுவாக ஏதோ சொன்னார். அதில் எனக்கு விளங்கியது "த்ரிஸ்த்" என்ற சொல் மட்டும்தான். அது கார்தெரிச் சொல். கவலை என்று அர்த்தம், ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் பிள்ளைகளிடம் கேட்பது. எனக்கு வருத்தம் என்றதும் இந்தப் பெடியனுக்குக் கவலையாகப் போய்விட்டது, பாவம், நல்ல மனம் என்று நினைத்தேன். "மெர்சி, டொக்டர்" என்று சொன்னேன். நித்திரைக்கு ஒரு குளிசை எழுதித் தந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அடுத்த நாள் நீ நேர்முகம் நல்லாச் செய்த சந்தோஷத்தில் கோட்டும் டையுமாகவே வந்து, என்னை மீன் வாங்கக் கூட்டிக்கொண்டு போனாய். தமிழ்க் கடை வாசலில் அரிசி மூட்டைகளுக்கு மேல் நான் சரிந்ததும், நீ என்னைத் தூக்கிக் காரில் போட்டதும், வேறொரு ஆஸ்பத்திரியில் நீ போட்ட சத்தத்தில் நாலு பேர் ஓடிவந்ததும் எனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம். இருதயக் குழாயில் அடைப்பு. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பெட்டிக்குள்தான் என்று அங்கிருந்த டொக்டர் சொன்னாராம். இதை நீ எனக்குச் சொன்னது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு.

கண் முழித்ததும், முதல் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனதை உனக்குச் சொன்னேன்; அங்கே என்ன சொன்னீர்கள் என்றுதான் நீ கேட்டாய். நான் சொல்லச் சொல்ல உன் முகம் மாறியது. "அம்மா, வருத்தம் எண்டு சொன்னீங்களோ? அந்தப் பிள்ளை இந்தியாவோ?" என்றாய். ஓம் என்றேன். நீ தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டாய். பிறகு அந்தச் சென்னைப் பெடியனின் கதையைச் சொன்னாய். ஒரு முறை சோதனையில் குறைந்த மார்க் வந்தபோது, "ரொம்ப வருத்தமா இருக்குடா" என்று உனக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறான். நீ பனடோலும் கொத்தமல்லித் தண்ணியுமாக ஓடிப்போய் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாயாம். காய்ச்சல் ஒன்றும் இல்லை, ஏன்டா படுத்திருக்கிறாய் என்று கேட்டாயாம். எங்களுக்கு வருத்தம் என்றால் நோய். அவர்களுக்கு வருத்தம் என்றால் கவலை. எங்களுக்கு உளைவது உடம்பு. அவர்களுக்கு உளைவது மனம். புருஷன் செத்த கவலையில் நெஞ்சு உடைந்துபோன ஒரு விதவையாக அந்தப் பிள்ளை என்னை மொழிபெயர்த்திருக்கிறாள். நெஞ்சில் வயரோடு கிடந்த நான் அதைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்ததற்கு இயந்திரம் கீங் கீங் என்று கத்தியது. நீ சிரிக்கவில்லை.

பிறகு மருத்துவக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. நான் கோயிலில் எல்லாருக்கும் கேக் கொடுத்தேன். அந்த வாரமே நீ வந்து இதே மேசையில் இருந்துகொண்டு, "நான் போகேல்லை அம்மா" என்றாய். சுகாதாரத் தொடர்பாடல் படிக்கப்போகிறாயாம். அப்படி ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

"உனக்கென்ன விசரோ? ஆரும் கிடைச்ச இடத்தை விடுவினமோ?"

"டொக்டர்மார் கனபேர் இருக்கினம் அம்மா. சனம் சொல்லுறதுதான் அவையளுக்குக் கேக்கேல்லை."

"நீ டொக்டராகி நல்லாக் கேளன்!"

"நான் ஒராள் கேட்டுக் காணாது."

அதற்குப் பிறகு நான் உன்னோடு எத்தனை நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சாப்பாட்டைப் பெட்டியில் போட்டு மேசையில் வைப்பேன், நீ எடுத்துக்கொண்டு போவாய். கோயில் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு யாராவது வந்து, "மகன் டொக்டருக்குப் படிக்கிறாரோ?" என்று கேட்டால் நான் வேறு கதையை எடுப்பேன். "இல்லை, டொக்டர்மாருக்குக் கதைக்கப் பழக்கிறதுக்குப் படிக்கிறார்" என்று ஒரு நாள் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்படிக் கேட்ட மன்னார் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அவையளுக்குக் கதைக்கத் தெரியாதோ? இதுக்கும் ஒரு படிப்போ?" என்றா. வீட்டுக்கு வந்து அந்தக் கோபத்தையும் உன் மேல்தான் காட்டினேன்.

அந்த அக்காவே பிறகு உன் வகுப்பில் முன் வரிசையில் இருந்தா. பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நீ வயதான ஆட்களைக் கூட்டி வைத்து, ஒரு கதிரையில் நீ டொக்டராக இருந்து, அவர்களை ஒவ்வொருவராக வருத்தக்காரராக வரச் சொன்னாயே, அந்த நாளை நான் மறக்கமாட்டேன். நீ இங்கிலீஷும் பிரெஞ்சும் கலந்து ஏதோ மளமளவென்று சொன்னாய். அக்கா எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினா. "இப்ப நான் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொல்லுங்கோ, அக்கா" என்றாய். அக்கா முழித்தா.

"அப்ப ஏன் ஓம் போட்டனீங்கள்?"

"தம்பி, விளங்கேல்லை எண்டு சொன்னா ஒண்டும் தெரியாத சனம் எண்டெல்லோ நினைப்பினம்."

"விளங்காதமாதிரிச் சொன்னது ஆர்? அந்த டொக்டர். வெக்கப்பட வேண்டியது அவர், நீங்களில்லை."

மண்டபம் முழுக்கச் சிரித்துக் கை தட்டியது. எனக்குப் பின்னால் நின்ற சுவாமியார்கூடச் சிரித்தார். நான் தேத்தண்ணிக் கெண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றேன். அன்றைக்குத்தான் எனக்கு உன் வேலை என்ன என்று விளங்கியது. டொக்டராகியிருந்தால்கூட நான் இவ்வளவு பெருமைப்பட்டிருப்பேனா தெரியாது. அதை அன்றைக்கே உனக்குச் சொல்லியிருக்கலாம். காரில் வரும்போது "ஷேர்ட்டை அயன் பண்ணிப் போட்டிருக்கலாம்" என்றுதான் சொன்னேன். எங்கள் ஆட்களின் வாயிலிருந்து நல்ல சொல் வருவது அவ்வளவு கஷ்டம்.

உன்னிடம் எனக்குப் பிடித்தது உன் படிப்பு இல்லை, ராசா. நீ யாரிலும் வன்மம் வைக்காமல் இந்த வேலையைச் செய்கிறாயே, அதுதான். போன் மொழிபெயர்ப்பாளர்களுக்கு நீ வகுப்பெடுத்தபோது இந்தியாத் தமிழரையும் இலங்கைத் தமிழரையும் ஒரே மேசையில் இருத்தி, ஒவ்வொரு வருத்தத்துக்கும் உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பின்னேரம் முழுவதும் சிரிக்க வைத்தாயாம். அன்றைக்கு என்னோடு கதைத்த பிள்ளையும் அதில் இருந்திருக்கலாம். அதை நீ துருவவில்லை. செயின்ட்-மிஷேலில் அந்தக் கிளினிக்கில் ஹெயிட்டிக்காரர், அரபுக்காரர், எங்கள் ஆட்கள் என்று எல்லாரோடும் மணிக்கணக்காக இருந்து, அவர்கள் வீட்டில் நோயை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாய். அங்கே ஒரு ஹெயிட்டி அம்மா உன்னை "மகனே" என்று கூப்பிட்டுத் தன் வீட்டுச் சோறு கட்டித் தந்ததை எனக்குக் கொண்டுவந்து காட்டினாய். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, ஆனால் சோறு நல்ல ருசி.

நாங்கள் இரண்டு பேரும் பிரச்சினைப்பட்டது அந்தக் "கட்டமைப்பு இனவெறி" என்ற சொல்லில்தான். இங்கே இந்த மாகாணத்திலும் அந்தச் சொல் பலருக்குப் பிடிக்காது. சொன்னால் எங்களை இனவெறியர் என்கிறாயா என்று முகம் சிவந்துவிடும். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை; சாப்பாடு போட்ட நாட்டைக் குறை சொல்லுறான் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புத்தான். ஒரு முறை நீ தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்க நான் கேட்டேன்.

"போனிலை இருந்தது தமிழ்ப் பிள்ளை. பிழை விட்டதும் தமிழ்ப் பிள்ளை. இதிலை வெள்ளைக்காரன் என்ன செய்தவன்? இனவெறி எங்கை வந்தது?"

"ஆரும் உங்களோட கூடாம நடந்தவையோ அம்மா?"

"இல்லை. எல்லாரும் நல்ல ஆக்கள்."

"அதுதான் அம்மா சொல்லுறன். எல்லாரும் நல்ல ஆக்கள். எல்லாரும் தங்கட வேலையைச் சரியாத்தான் செய்தவை. செய்தும் நீங்கள் சாகப் பாத்தனீங்கள். எந்தத் தமிழ் எண்டு ஒருத்தருக்கும் கேக்கத் தோன்றேல்லை. கவலை எண்டு கேட்ட உடனை, இந்த மாதிரிச் சனம் இப்பிடித்தான் எண்டு விட்டாச்சு. அதுக்குத்தான் கட்டமைப்பு எண்டு சொல்லுறது."

"கவலை எண்டு கேட்டா ஆரும் அப்பிடித்தானே நினைப்பினம்?"

நீ தோசையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அதுதான் எனக்கும் தெரியேல்லை அம்மா. அங்கை பக்கத்திலை வேறை ஆரும் இருந்தவையோ? அவையை எப்பிடிப் பாத்தவை?" என்று கேட்டாய்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

பொய், தம்பி. ஒருத்தி இருந்தாள்.

இதுதான் நான் விட்டுவைத்த துண்டு. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் என் வயது மனுஷி ஒருத்தி, கியூபெக் ஆள், நல்லா வாரிவிட்ட வெள்ளைத் தலைமுடி. நடுவில் இருந்த திரை பாதிதான் மூடியிருந்தது. அவள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய புருஷனும் செத்துப்போயிருந்தான். "மோன் மாரி, மோன் மாரி", என் புருஷன், என் புருஷன் என்று சொல்லிச் சொல்லி அழுததில் அது எனக்கு விளங்கியது. "த்ரிஸ்த்" என்றும் அவளே தன் வாயால் சொன்னாள். அதே டொக்டர்தான் அவள் கையையும் பிடித்துக்கொண்டு நின்றார். கவலையாகத்தான் இருக்கும், இருந்தாலும் "கேர்" பார்த்துவிடுவோம் என்ற மாதிரி ஏதோ சொன்னார். கேர் என்றால் இருதயம். வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சிவப்புத் தாளில் வெட்டிக் கொடுக்கிறவள், எனக்குத் தெரியாதா? உடனே தாதி ஒரு இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்து அவள் நெஞ்சில் வயர்களை ஒட்டினாள். கோடு கோடாகத் தாள் வந்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று சிரித்தார். அவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்தது எனக்குத்தான் என்று நினைத்தேன். தாதிக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தேன். சட்டையின் மேல் பொத்தானையும் கழற்றிவிட்டு இருந்தேன். டொக்டர் வந்தார், போனை வைத்தார், அந்தப் பிள்ளை கதைத்தாள். அவர் அதே மாதிரிக் கையைப் பிடித்தார், அதே மாதிரித் "த்ரிஸ்த்" என்றார். போய்விட்டார். இயந்திரம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. தள்ளி என் பக்கம் கொண்டுவர இரண்டு அடிகூட இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, சங்கிலியையும் போட்டுக்கொண்டு, டாக்சிக்கு வெளியே வந்தேன்.

மொழிபெயர்ப்புப் பிழைதானே என்று அந்தப் பொஸ்டன் மனுஷன் கேட்கிறார். சரி, பிழைதான். நான் கவலை என்று சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். அவளும் கவலை என்றுதான் சொன்னாள். அவளுடைய கவலைக்கு இருதயத்தையும் பார்த்தார்கள். என்னுடைய கவலைக்குக் கையைத் தட்டிக்கொடுத்தார்கள். இதில் எந்தச் சொல்லை எந்தச் சொல்லாக மாற்றுவது?

நீ கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் வரும். நீ அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை பிடிப்பாய், இந்த நாட்டில் உனக்கு மனம் கசந்துவிடும் என்ற பயம் ஒன்று. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் வேறு, அதை எழுத எனக்குக் கை வரமாட்டேன் என்கிறது. அன்றைக்கு அதைப் பார்த்தபோது எனக்கு அநியாயமாகவே தெரியவில்லை, தம்பி. அவள் அவர்களுடைய ஆள், அவளைப் பார்க்கத்தானே செய்வார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கிடைத்ததே பெரிது என்று நினைத்து "மெர்சி" சொல்லிவிட்டு வந்தேன். உன் சொல் இந்த வீட்டுக்குள் வரும்வரை அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. பெயர் தெரிந்த பிறகும், அந்தப் பெயர் என்னைத் தொட்டது என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை. அதனால்தான் உன்னோடு வாதாடினேன். வெள்ளிக்கிழமை "ஒரு சொல்லுத்தானே" என்று சொன்னதும் அதனால்தான்.

இன்னொன்றும் உன்னிடம் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு சத்தியம். என் கதையை எங்கே சொன்னாலும் என் அம்மா என்று சொல்லக்கூடாது என்று கேட்டேன். புருஷன் போனதால் மூளை குழம்பின மனுஷி என்று ஊர் கதைக்கும் என்ற பயம். நீ அதை இன்றுவரை காப்பாற்றுகிறாய். வகுப்புகளில் "ஒரு நோயாளி" என்று சொல்கிறாய். பொஸ்டனில் அந்த மேசையைச் சுற்றி அத்தனை பேர் இருந்து உன்னைக் குடைந்தபோதும் "ஒரு நோயாளி" என்றுதான் சொல்லியிருக்கிறாய். அது என் அம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் வாயடைத்துப் போயிருப்பார்கள். வேலைக்காகக்கூட நீ என் வெட்கத்தை விற்கவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் செய்ததில்லை, உன் அப்பாகூட.

அந்தச் சத்தியத்தை இன்றைக்கு நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தைக் கோயில் ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன் என்று காலையில் சுவாமியாரிடம் சொல்லிவிட்டேன். மன்னார் அக்காவும் வாசிக்கட்டும். கதைக்கிறவர்கள் கதைக்கட்டும், எனக்கு இருதயத்துக்கு வருத்தம் வந்தது, மனதுக்கு இல்லை. மனதுக்கு வந்திருந்தாலும்தான் என்ன? அந்தக் கட்டிலில் அழுத மனுஷியை யார் குறை சொன்னார்கள்?

வேலையை எடு, விடு, அது உன் விருப்பம். நீ பொஸ்டனுக்குப் போனால் நான் அழுவேன், போகாவிட்டால் ஏசுவேன், இரண்டையும் காதில் போடாதே. அமெரிக்க எல்லைக் கேட்டில் மறித்துக் கேள்வி கேட்பார்களே, அங்கே போய் வாயைக் கொடுக்காதே என்று மட்டும் சொல்கிறேன், தாய் என்றால் அப்படித்தான். ஆனால் அந்தச் சொல்லை எனக்காக எடுக்காதே. அதை வைத்துக்கொண்டே அவர்கள் வேலை தந்தால் போ. இல்லாவிட்டால் நீ இங்கேயே இரு, செயின்ட்-மிஷேலில் உனக்குச் சோறு கட்டித் தர ஆள் இருக்கிறது, டொலார்டிலும் இருக்கிறது.

நாளைக்கு அந்த மனுஷனைக் கூப்பிடு. பக்கத்துக் கட்டில் கதையைச் சொல். இதற்கு என்ன சாட்சி என்று கேட்பார், கேட்கட்டும். சாட்சி உயிரோடு இருக்கிறாள், அவள் என் அம்மா என்று சொல். நேரில் வரவேண்டும் என்றால் வருவேன். மொன்றியலிலிருந்து பொஸ்டன் காரில் ஒரு பகல்தானே, நீ ஓட்டு, நான் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன். அவர்கள் என்னிடம் கேட்பதை எனக்குச் சொல். நான் தமிழிலேயே பதில் சொல்வேன், எங்கள் ஊர்த் தமிழில். நீ பக்கத்தில் இருந்து மொழிபெயர்.

அம்மா